வழக்கில் ஜெயித்த பிறகும், தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுப் பழங்குடிகளான வாவோரானி மக்களுக்கு எண்ணெய் எடுப்பால் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. 2019-இல் அவர்கள் ஜெயித்தது ஈக்வடாரின் பஸ்தாசா மாகாணத்தில் உள்ள காட்டுக்கு மட்டும்தான். சுமார் 1,80,000 ஹெக்டேர். அங்கே எண்ணெய் எடுப்பதற்காக 2012-இல் அரசு நடத்திய கருத்துக்கேட்பு முறையானதல்ல என்றது நீதிமன்றம். ஆனால் அரசியல் சாசனப்படி நிலத்தடி எண்ணெய் அரசின் சொத்து. ஆக, ஒழுங்காகக் கேட்டுவிட்டு அரசு மறுபடி வரலாம். கேட்பது வேறு, சம்மதம் வாங்குவது வேறு அல்லவா?

என்னைக் கேட்டால், கிணற்றைவிட அதற்குப் போடும் ரோடுதான் பெரிய வில்லங்கம். அதன் வழியே குடியேறிகள் வருகிறார்கள், மரம் வெட்டுபவர்கள் வருகிறார்கள், காட்டு இறைச்சி சந்தைக்குப் போகிறது. வேட்டையாடி வாழ்ந்த ஊரில் விலங்கு குறைந்தால் இளைஞர்கள் கம்பெனிக் கூலிக்குத்தான் போக வேண்டும். காட்டில் நடந்தபடியே பெரியவர்களிடம் கற்கும் செடி, தடம், பாட்டு எல்லாம் அங்கேயே அறுந்துபோகும். இவர்கள் மொழிக்கு உறவுமொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. பேசுவோர் சில ஆயிரம் பேர்தான்.

சரி, யசுனி? அது ஈக்வடாரின் அமேசான் காட்டில் உள்ள தேசியப் பூங்கா. அங்கே எண்ணெய் எடுக்க ஒதுக்கிய 43-ஆம் தொகுதியின் எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விடச் சொல்லி 2023 ஆகஸ்டில் நாட்டு மக்கள் சுமார் 59% வாக்களித்தார்கள். எண்ணெய் எடுப்பை நிறுத்த ஓராண்டு கெடு. முதல் கிணற்றை மூடவே 2024 ஆகஸ்டு கடைசி ஆகிவிட்டது. அந்த யசுனிக் காட்டில் தகாயெரி, தாரோமெனானே என்ற வாவோரானி உறவுக் குழுக்கள் வெளித்தொடர்பே இல்லாமல் வாழ்கின்றன. அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவே முடியாது.