ஈழத்தலரியை விதையிலிருந்து வளர்க்க முடியுமா?

மட்டக்களப்பில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், ஆனால் மாரி மழை ஓய்ந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் நாற்று அடியிலேயே அழுகிவிடும். காய் மரத்திலேயே காய்ந்து வெடிக்கும்வரை பொறுங்கள். மணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில், விதையின் தடித்த முனை உள்ளேயும் மெல்லிய சிறகு சற்று வெளியேயும் இருக்கும்படி நட்டால் ஒன்றிரண்டு கிழமையில் முளைக்கும். சில நாற்றுகளில் விதைத்தோல் வித்திலைகளின் மேல் தொப்பி போல ஒட்டிக்கொண்டு நிற்கும். இழுக்காதீர்கள், அடிக்கடி தண்ணீர் தொட்டு நனைத்தாலே இளகிக் கழன்றுவிடும். சாடியில் தேதி எழுதி, கிழமைக்கு ஒருமுறை உயரத்தையும் இலைகளையும் குறித்து வாருங்கள், வளர்ச்சி நின்றால் உடனே தெரியும்.

பூக்க அநேகமாக 3 வருடமாவது ஆகும். தாய்மரத்தின் நிறமே வரும் என்றும் சொல்ல முடியாது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். அதே நிறம் வேண்டுமென்றால் கொப்பு வெட்டி நடுங்கள்.