மெஷினுக்குப் போகிற நாளும் போகாத நாளும் கோழிக்கு ஒன்றுதான்

கேள்வி: பெரிய நோயோடு இருப்பவர்கள் வீட்டில் நாலைந்து கோழி வளர்க்கலாமா? மனத்துக்கு நல்லது என்கிறார்கள். இருக்கிற பாட்டோடு அது இன்னொரு பாடாகிவிடாதா?

ஆகும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோழி வளர்த்தால் நோயே தெரியாது என்று எழுதுகிறவர்கள் கோழிக்கூட்டைக் கழுவியவர்களாக இருக்க மாட்டார்கள். ஆனாலும் நான் வளர்க்கிறேன்.

எனக்கு வயது 52. திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் 23 ஆண்டுகள் நடத்துநராக இருந்தேன். சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டதில் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. நான்கு ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வண்டி ஓடுகிறது. அதனால்தான் வீடு இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரமும் ஒரு கயிற்றுக் கட்டிலும் கொஞ்சம் இடமும் உண்டு. அங்கே நான்கு சிறுவிடைக் கோழிகள்.

சிறுவிடை நம் ஊர் நாட்டுக்கோழியில் சிறிய வகை. பெட்டை ஒன்றேகால் கிலோ இருந்தால் பெரிது. பிராய்லரையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் பெரிய புறா என்றுதான் தோன்றும். தானே கிளறித் தின்னும், தானே அடைகாக்கும். என் நிலைக்கு இதைவிடப் பெரிய கோழி ஒத்துவராது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களில் செய்யும் அறுவை) போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது கட்டளை. சிறுவிடையை மற்ற கை ஒன்றாலேயே வாரி எடுத்துவிடலாம்.

முதல் இரண்டையும் கொண்டுவந்தவர் என் மாமியார். அப்போது டயாலிசிஸ் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. மெஷின் இல்லாத நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். மெஷின் உள்ள நாட்களில் போய்வந்த களைப்பில் படுத்துக்கொள்வேன். வித்தியாசம் அவ்வளவுதான். பார்க்க வருகிற எல்லோரும் ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்பார்கள். மாமியார் கேட்கவில்லை. கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு பெட்டைகளைக் கட்டிலருகே இறக்கிவிட்டு, “கால் கட்டு இறுகிப்போயிருக்கும் மாப்பிள்ளை, அவிழ்த்துவிடுங்கள்” என்றார். அவிழ்க்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “பஸ்ஸில் கோழிக்கு லக்கேஜ் போட்டார்களா?” என்று கேட்டேன். எட்டு மாதத்தில் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

கோழிகளுக்கு என் வண்டி நின்றுபோகும் ஊர்களின் பெயர்கள். சிவப்பு நிறத்தில் இருப்பது செம்பட்டி. எலும்பும் தோலுமாக வந்து ஆறே மாதத்தில் உருண்டு திரண்டுவிட்டது வத்தலக்குண்டு. மூன்றாவது தேவதானப்பட்டி, கூப்பிட்டு முடிப்பதற்குள் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவதால் தேவி என்று சுருக்கிவிட்டோம். நான்காவது பெரியகுளமாக இருந்தது. இப்போது இருப்பது ஆண்டிபட்டி. என் தடத்தில் இல்லாத ஊர் அது. கோழியும் கடைசியாக வந்ததுதான். இன்னும் கூட்டில் ஓரமாகத்தான் உட்காருகிறது. இருட்டத் தொடங்கியதும் நான்கும் கூட்டுக்குள் இருக்கும் கம்பில் ஏறும். யாருக்கு எந்த இடம் என்பதில் தினமும் ஒரு சண்டை, ஜன்னலோரச் சண்டை மாதிரியே. நான் வெளியே நின்று தலையை எண்ணிக் கதவைச் சாத்துவேன்.

காலை ஐந்தேகாலுக்குத் திறந்துவிட வேண்டும். திங்கள், புதன், வெள்ளி எல்லாம் அவற்றுக்குக் கிடையாது. அதிலும் திங்கட்கிழமைக் காலைதான் எனக்கு மோசம். நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் கால் வீங்கி, நான்கு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து செம்பட்டி போடும் கூப்பாடு இருக்கிறதே, பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தாமல் போனபோது பயணிகள் போட்ட சத்தத்துக்குக் குறையாது. திட்டிக்கொண்டே போய்த் திறப்பேன். எனக்கு இரக்கம் காட்டாத ஜீவன்கள் இந்த வீட்டில் இவை மட்டும்தான். அது எனக்குத் தேவையாக இருந்தது.

தாகத்தைப் பற்றிச் சொல்லாமல் டயாலிசிஸைப் பற்றிச் சொல்ல முடியாது. ஊசி பழகிவிடும், தாகம் பழகாது. எனக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் கணக்கு. காபி, மோர், ரசம், மாத்திரையை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு மெஷினுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினால் அன்று திட்டு உண்டு. மே மாதத்துத் திண்டுக்கல் வெயிலில் இந்தக் கணக்கோடு உட்கார்ந்து, மண்சட்டியில் கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்தேன். அலகை நனைக்கும். தலையை அண்ணாந்து தூக்கும். தொண்டை இரண்டு முறை அசையும். மறுபடி குனியும். தலையைத் தூக்கினால்தான் அதற்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். முதல் கோடையில் அந்தச் சட்டியைக் கண்டாலே எனக்குப் பொறாமையாக இருந்தது (அதை எடுத்து நானே குடித்துவிடலாமா என்று நினைத்த நாளும் உண்டு, சொல்ல வெட்கமில்லை). பிறகு நானும் அதே மாதிரி குடிக்கத் தொடங்கினேன். பாட்டில் மூடியில் ஊற்றி, ஒரு மூடி. அண்ணாந்து, நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குவது. முக்கால் லிட்டர் இரவு வரை வந்தது. உணவு ஆலோசகர் ஒரு வருடமாகச் சொல்லி என் மண்டையில் ஏறாததைக் கோழி ஏற்றியது.

எனக்கு மறுத்த பண்டமெல்லாம் அவற்றுக்குத்தான் போகிறது. பொட்டாசியம் இருப்பதால் வாழைப்பழம், தக்காளி, முருங்கைக்கீரை எதுவும் நான் தொடக் கூடாது. முருங்கைக்கீரையை உருவுகிற வேலை மட்டும் இன்னும் என்னுடையது. உருவிப் போட்டால் நான்கும் முட்டிமோதித் தின்னும். பதிலுக்கு முட்டை. டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதம் நிறைய வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவைத்தான் மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சாதாரண முட்டை ஒன்றின் வெள்ளைக் கருவில் சுமார் மூன்றரை கிராம் புரதம் இருக்கும். சிறுவிடை முட்டை சிறியது என்பதால் நான் ஒன்று கூடவே தின்கிறேன். மஞ்சள் கருவில் பாஸ்பரஸ். அது ரத்தத்தில் சேர்ந்தால் உடம்பெல்லாம் அரித்துப் பிடுங்கும். ஆகவே மஞ்சள் கரு என் மகளுக்கு. குஞ்சு இருக்கும் காலத்தில் குஞ்சுக்கு, வேகவைத்து உதிர்த்து. நான்கு கோழிகளின் முட்டையை நம்பி யாரும் புரதக் கணக்குப் போட வேண்டாம். சிறுவிடை ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடையில் உட்கார்ந்துவிடும். மீதி நாளுக்குக் கடை முட்டைதான்.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய விஷயம். கூட்டை யார் கழுவுகிறார்கள்?

நான் இல்லை. மனைவியும் மகளும். “கோழி வளர்க்கலாம், கூட்டில் கைவைக்கக் கூடாது” என்று மருத்துவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எங்களைப் போன்றவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. எச்சத்தில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கும்; காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் போவதும் நல்லதல்ல. ஆக, என் ஆசைக்கு அவர்கள் இருவரும் எச்சம் அள்ளுகிறார்கள். இந்த வரவுசெலவை மறைத்துவிட்டு ‘கோழிகள் என்னைக் கரையேற்றின’ என்று எழுதினால் அது கள்ளக் கணக்கு. முகம் சுளிக்காமல் கூட்டைக் கழுவ வீட்டில் இன்னொரு ஆள் இல்லையென்றால் கோழி வேண்டாம். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள், போதும்.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது, முட்டையை நன்றாக வேகவைத்துத் தின்பது, சோர்ந்து நிற்கும் கோழியைத் தொடாமல் இருப்பது, இவையெல்லாம் சொல்லாமலே தெரியும். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பில்லாமல் கோழிக்கு நடுவே போகக் கூடாது. காலில் கீறினால் உணர்வே இருக்காது. மாமியார் கோழி கொண்டுவந்தபோது ஃபிஸ்டுலா தயாராகும் வரை டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாயை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குழாய் இருந்த காலமாக இருந்தால் மருத்துவர் ஒப்பியிருக்க மாட்டார். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் கீமோ எடுப்பவர்களுக்கும் சட்டம் இன்னும் கடுமையானது. உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். என் கதையைக் காட்டி அவரிடம் அனுமதி வாங்கப் பார்க்காதீர்கள்.

ஒரு சேவலும் வைத்திருந்தேன். பெயர் தேனி. ஒரு புதன்கிழமை மெஷின் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, தேவியை மடியில் தூக்கினேன். சேவல் எங்கிருந்தோ பாய்ந்து வந்து என் புறங்கையில் கால் முள்ளால் கீறிவிட்டது. கீறல் அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள், வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அதன் வேலை மிச்சமிருக்கும். துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது வலது கை. இடது கையாக, ஃபிஸ்டுலா மேலாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத ஆள் இருந்திருக்காது. மறுநாளே தேனி மாமியார் ஊருக்குப் பயணம். மெஷின் உள்ள நாளில் இப்போது கோழியைத் தூக்குவதில்லை. மற்ற நாட்களில் பழைய காக்கிச் சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுத்தான் தூக்குகிறேன். சட்டைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

ஃபிஸ்டுலா என்பது தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது. விரலை வைத்துப் பார்த்தால் தோலுக்கடியில் உர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். அது நின்றால் ஆபத்து. தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பயந்துகொண்டேதான் தொடுவேன். ஒரு நாள் வத்தலக்குண்டு மடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. நன்றாக அசந்த கோழி தொண்டைக்குள்ளேயே ஒரு சத்தம் போடும், காதுக்கு அவ்வளவாகக் கேட்காது, நெஞ்சில் கைவைத்தால் தெரியும். வலது உள்ளங்கையில் அது. இடது கையில் இது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உர்ர். அன்றிலிருந்து தொட்டுப் பார்ப்பதில் பயம் கொஞ்சம் குறைந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பெரியகுளம் செத்தது என் தவறு. வெள்ளைக்கழிச்சலுக்குப் பிப்ரவரியில் கால்நடைத் துறை தடுப்பூசி முகாம் போடும். மற்ற மூன்றுக்கும் முந்தைய ஆண்டு போட்டிருந்தது. இது பிறகு வந்த கோழி. முகாம் வெள்ளிக்கிழமை. அன்று மெஷினில் ரத்த அழுத்தம் விழுந்து நான் வீடு திரும்பவே மாலையாகிவிட்டது. அடுத்த வாரம் மருந்தகத்துக்குத் தூக்கிப்போகலாம் என்று விட்டேன். பிறகு அதற்கும் அடுத்த வாரம். ஏப்ரலில் ஒரு நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. மறுநாள் இல்லை. மச்சான்தான் கையில் பாலித்தீன் பை கட்டிக்கொண்டு எடுத்துப்போய், குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். நான் பத்தடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். அதற்குக்கூட நான் கிட்டப் போகக் கூடாது.

இரண்டு நாள் மாலையில் நான் கூட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், இருட்டுகிற நேரத்தில் பின்வாசலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: “மூன்றும் ஏறிவிட்டன. ரைட், ரைட்!” இருபத்து மூன்று ஆண்டுகள் என்னோடு குடும்பம் நடத்தியும் ஒரு நாள்கூட அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எழுந்து போய், “கதவின் கொண்டியை மேலே போட வேண்டும், கீழே அல்ல” என்றேன்.

இப்போது வத்தலக்குண்டு அடையில் இருக்கிறது. சேவல் இல்லாததால் அதன் முட்டை பொரியாது. எதிர்வீட்டு அக்காவிடம் ஒன்பது முட்டை வாங்கி, ஒரு ஞாயிறு மாலை வைத்தோம். ஒற்றைப்படையாகத்தான் வைக்க வேண்டும் என்று மாமியார் போனிலேயே கண்டிப்புச் செய்தார். அடை 21 நாள், அதற்குள் எனக்கும் ஒன்பது மெஷின். ஏழாம் நாள் இரவு மகள் டார்ச் அடித்துப் பார்த்ததில் இரண்டு கூமுட்டை, ஏழில் நரம்பு ஓடியிருந்தது. இன்று செவ்வாய், பதினாறாம் நாள். பொரிப்பது வரும் ஞாயிற்றுக்கிழமை. அன்று எனக்கு மெஷின் இல்லை.