கண் முன்னால் வெட்டு: பார்த்தவர்களின் கேள்விகள்

தெருவில் நடந்த வெட்டுக்குத்தைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள். மதுரையில் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் அக்கா ஒருவர் பதில் சொல்கிறார்.

செல்லூரில் டீக்கடை வைத்திருக்கிறேன். வாசலிலேயே ஒரு பையனை அரிவாளால் வெட்டிவிட்டார்கள். பத்து நாளாகத் தூக்கம் இல்லை. பைக் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது, டீ ஆற்ற முடியவில்லை. பைத்தியம் பிடித்துவிடுமோ?

பிடிக்காது அண்ணே. ஆபத்து போய்விட்டது என்பது உங்கள் உடம்புக்கு இன்னும் உறைக்கவில்லை, அவ்வளவுதான். தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருவது எல்லாம் பலருக்கும் சில வாரங்களில் தானாகக் குறையும். கடையை மூடிவிடாதீர்கள், கொஞ்ச நாள் மச்சானைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும் என்பார்கள். வரும், நடுராத்திரியில் கலைந்தும் விடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் சிசிடிவி காட்சியைப் பார்க்காதீர்கள். டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரும் "என்னண்ணே நடந்துச்சு?" என்பார், எல்லாருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன்பே பேசத் தோன்றினால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே, காசு இல்லை.

என் எட்டு வயது மகனும் பார்த்துவிட்டான் அக்கா. மறுபடி படுக்கையை நனைக்கிறான். பள்ளிவாசலில் ஓதிக்கொண்டு வரச் சொல்கிறார் மாமியார்.

தாராளமாகப் போய் வாருங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் "ஒண்ணுமே நடக்கலைடா" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவன் பார்த்திருக்கிறான். கேட்டால் சுருக்கமாக உண்மையைச் சொல்லுங்கள். நனைத்ததற்குத் திட்ட வேண்டாம்.

சிம்மக்கல்லில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் அப்பா. அந்தக் கும்பல் தேடி வந்தால்?

பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாதும்மா, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கும் இதே சலுகை உண்டு. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். முகம் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். தெருவில் அடிபடும் பெயரைச் சேர்த்துச் சொன்னால் பின்னால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

மிரட்டல் வந்தால், கொலை, கொலை முயற்சி மாதிரிப் பெரிய வழக்குகளில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுப் போட வேண்டும். வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, அடையாளத்தை மறைப்பது வரை கேட்கலாம். கேட்காமல் தானாக எதுவும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். மனு எழுத, இலவச சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்து இலவச வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அழித்துவிடவா?

வேண்டாம் தம்பி. யாருக்கும் அனுப்பாமல் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்.

நான் ஓடிவிட்டேன். அந்த ஆள் செத்துப்போனார். உறுத்துகிறது.

அரிவாளுக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றிருந்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர் போயிருக்கும். ஓடிப்போய் 112க்கும் 108க்கும் போன் போடுவதே பெரிய உதவி. வெட்டியவர்கள் போய்விட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் பக்கத்தில் போகலாம். துண்டையோ துப்பட்டாவையோ மடித்துக் காயத்தில் வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும். கத்தி உடம்பில் செருகி இருந்தால் உருவக் கூடாது.