கிடைமட்டத் துண்டறிக்கை: பின்பக்கம் தலைகீழாக வந்தால் யார் தப்பு?

கேள்வி: கேன்வாவில் ஏ4 கிடைமட்ட அளவில் இருபக்கத் துண்டறிக்கை ஒன்றை நானே வடிவமைத்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது. மாதிரிப் பிரதியில் ஓரத்திலிருந்த போன் நம்பரின் கடைசி எண் வெட்டுப்பட்டு, லோகோ மங்கி, பின்பக்கம் தலைகீழாக வந்திருக்கிறது. ‘ஃபைலே தப்பு, முதலிலிருந்து செய்யணும், அதற்குத் தனிக் கட்டணம்’ என்கிறார் அச்சு வேலையை எடுத்துக் கொடுத்தவர். உண்மையா?

பதில்: முதலிலிருந்து செய்ய வேண்டியதே இல்லை. மூன்று குறைகளில் ஒன்று உங்களுடையதும் அல்ல.

பின்பக்கம் தலைகீழானது பிரிண்டர் அமைப்பினால். இருபக்க அச்சுக்குப் பெரும்பாலும் ‘நீண்ட விளிம்பில் திருப்பு’ என்பதே தேர்வாகி இருக்கும். நிமிர்ந்த தாளுக்கு அது சரி. கிடைமட்டத் தாளைப் புத்தகம்போலப் பக்கவாட்டில் புரட்டுகிறோம். அதற்கு ‘குறுகிய விளிம்பில் திருப்பு’ வேண்டும். ஒரே க்ளிக், இதற்கா கட்டணம்? அவசரப்பட்டு நீங்கள் பின்பக்கத்தை 180 டிகிரி சுழற்றி அனுப்பிவிடாதீர்கள். அமைப்பைச் சரியாக வைக்கிறவரிடம் போனால் அது மறுபடி தலைகீழாகும். ஒரு விதிவிலக்கு உண்டு. தாளை மாதக் காலண்டர்போல மேல்நோக்கிப் புரட்டிப் படிக்க வேண்டும் என்று நினைத்தே வடிவமைத்திருந்தால், அதாவது மேல் விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடவோ, மேலே பசை போட்டு அடுக்கவோ போகிறீர்கள் என்றால், நீண்ட விளிம்புதான் சரி. கையில் கொடுக்கும் துண்டறிக்கைக்கு இது பொருந்தாது.

வெட்டுப்பட்ட எண் உங்கள் கணக்கில். கட்டுக் கட்டாகத் தாளை வெட்டும்போது கத்தி ஓரிரு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். அதனால் பின்னணி நிறமும் படமும் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும். இதைத்தான் ப்ளீட் என்கிறார்கள். எழுத்தோ ஓரத்திலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். கேன்வாவில் கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் ப்ளீடைக் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவு அவசியமானதை ஏன் மெனுவுக்குள் மெனுவாக ஒளித்து வைக்கிறார்களோ! பக்க அளவு 297×210 மி.மீ. ஆகவே இருக்கட்டும். நீங்களே 303×216 என்று மாற்றி, ப்ளீடையும் சேர்த்தால் இரட்டிப்பாகிவிடும்.

லோகோ 5 செ.மீ. அகலத்தில் தெளிவாக அச்சாக ஏறக்குறைய 600 பிக்சல் அகலப் படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை இழுத்துப் பெரிதாக்கிப் பயனில்லை. மூலக் கோப்பை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். நிறம் அச்சில் கொஞ்சம் மங்குவது இயல்பு, பளபளக்கும் பச்சையும் நீலமும் முதலில் அடிவாங்கும்.

கேன்வாவிலிருந்து பதிவிறக்கும்போது பிஎன்ஜி படமாக வேண்டாம். ‘பிடிஎஃப் பிரின்ட்’ எடுத்து, வெட்டுக்குறியும் ப்ளீடும் சேர்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள்.

இனி உண்மையான பொறி. ‘எடிட் லிங்க் அனுப்புங்க, நானே சரி பண்ணிடறேன்’ என்பார்கள். அனுப்பாதீர்கள். உங்கள் வடிவமைப்பைப் பிரதியெடுத்து, பெயரை மாற்றி, அடுத்த வாடிக்கையாளரிடம் ‘டிசைன் சார்ஜ்’ வாங்குவது இந்தத் தொழிலில் புதிதல்ல. பிடிஎஃப்பை கோரல்ட்ரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திறந்து ‘சின்னத் திருத்தம்’ செய்தாலும் ஆபத்து: கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகும், ‘செ’ உடைந்து நிற்கும். திருத்தம் எதுவானாலும் உங்கள் கணக்கில் நீங்களே செய்து புதிய பிடிஎஃப் கொடுங்கள்.

அடுத்த மாதிரிப் பிரதியை வெட்டியபின் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 297 மி.மீ. வரவேண்டிய இடத்தில் 288 வந்தால் ‘தாளுக்குப் பொருத்து’ என்று போட்டு அடித்திருக்கிறார்கள். ‘100 சதவீதம்’ என்று வைத்து இன்னொன்று அடித்துத் தரச் சொல்லுங்கள்.