மச்சினன் பெயரில் ஒரு நாடகம்

கேள்வி: இங்கிலாந்தில், லூட்டனில் இருக்கிறேன். வயது 41. வங்கியில் 14 வருட வேலை. மனைவி நர்ஸ், வாரத்தில் நான்கு நாள் இரவு டியூட்டி. ஒரு மகள். நகைச்சுவை நாடகம் எழுதுவதுதான் எனக்கு உயிர். பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோனி பார்க்கரும் வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர்தானே? அதை உதறியதால்தானே பெரிய நடிகராக, எழுத்தாளராக ஆனார்? நானும் ராஜினாமா செய்யலாமா? மனைவி கூடுதல் ஷிப்ட் எடுத்தால் சமாளித்துவிடலாம். (தமிழ்ச் சங்க விழாவுக்கு மச்சினன் பெயரில் இரண்டு நாடகம் அனுப்பினேன், எடுக்கவில்லை. அதையே வீட்டு விருந்தில் என் பெயர் சொல்லி வாசித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.)

பதில்: தம்பி, போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். மச்சினனிடம் கேட்டுவிட்டா அவர் பெயரைப் போட்டீர்கள்? கேட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள். தேறினால் 'நான்தான் எழுதினேன்' என்று மேடையேறலாம், தேறாவிட்டால் தோற்றது மச்சினனாக இருக்கட்டும், அப்படித்தானே? பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளையை இதற்கா பயன்படுத்துவது? அடுத்த விழாவில் சங்கத்துக்காரர் யாராவது அந்தப் பையன் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் நல்லா எழுதுங்க தம்பி" என்றால் அவர் என்ன விழி விழிப்பார்!

நீங்கள் கொண்டாடும் பார்க்கரும் வேறு பெயரில் எழுதியவர்தான். 1968-ல் 'ஃப்ராஸ்ட் ஆன் சண்டே' டிவி நிகழ்ச்சியில் நடித்துக்கொண்டே, ஜெரால்ட் வைலி என்று இல்லாத ஓர் ஆளை உண்டாக்கி, தன் ஏஜென்ட் மூலமாக ஸ்கெட்ச்சுகளை, அதாவது குட்டி நகைச்சுவை நாடகங்களை, அனுப்பினார். நம்ம ரோனி எழுதியது என்று யாரும் தாட்சண்யத்துக்காக எடுத்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். யார் இந்த வைலி என்று எல்லோருக்கும் ஒரே குழப்பம். நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ என்றுகூடப் பேச்சு. உடன் நடித்த ரோனி கார்பெட், வைலியின் ஸ்கெட்ச் ஒன்று பிடித்துப்போய், நன்றியாகக் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கி அனுப்பினார். அவை பக்கத்தில் நிற்கிற சிநேகிதனுக்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் வைலி எல்லோரையும் ஒரு சீன உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். பார்க்கர் எழுந்து "நான்தான் வைலி" என்றபோது முதலில் ஒருவரும் நம்பவில்லையாம்.

அவர் விருந்து வைத்தது ஸ்கெட்ச் தேறிய பிறகு. நீங்கள் விருந்து வைத்துவிட்டு வாசித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டு பிரியாணியைச் சாப்பிட்டவன் சிரிக்காமல் என்ன செய்வான்? முகம் தெரியாதவர்கள் படித்துவிட்டு வேண்டாம் என்றார்களே, உங்களுக்குக் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான். அதைப் போய் அடைப்புக்குறிக்குள் ஒளித்துவிட்டீர்கள்.

சரி, வங்கிக் கதைக்கு வருகிறேன். அக்கா நர்ஸாகப் போனபோது காலியான வங்கி வேலையில்தான் பார்க்கர் சேர்ந்தார். 1948-ல் அய்ல்ஸ்பரி நாடகக் குழுவுக்குப் போனபோது வயது 19, கல்யாணம் ஆகவில்லை. ஊருக்கெல்லாம் முகம் தெரிய வைத்த 'ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்' டிவி நிகழ்ச்சி 1966-ல் வந்தது. எண்ணிப் பாருங்கள், 18 வருடம். நடுவில் நாடக வேலை இல்லாமல் மருத்துவமனையில் போர்ட்டராகவும் இருந்திருக்கிறார். உங்கள் 18 வருடத்தை யார் கணக்கில் எழுதப் போகிறீர்கள்? மனைவியின் தூக்கத்தின் கணக்கில். 'கூடுதல் ஷிப்ட் எடுத்தால்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அவளிடமாவது கேட்டீர்களா, அல்லது அதுவும் மச்சினன் பெயர் மாதிரிதானா? குடும்பத்தில் ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் உடம்பை அடகு வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பழைய பஞ்சாங்கம் என்று திட்டினாலும் பரவாயில்லை.

ராஜினாமா வேண்டாம். எழுதுவதற்குச் சரக்கே அந்தக் கவுன்டரில்தான் கிடக்கிறது. 1976-ல் வந்த அந்த ஹார்டுவேர் கடை ஸ்கெட்ச்சை நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? வாடிக்கையாளராக பார்க்கர் வந்து, வாயில் பாதியை மென்று எதையோ கேட்பார். கடைக்காரர் கார்பெட் 'ஃபோர் கேண்டில்ஸ்' என்று காதில் வாங்கிக்கொண்டு நான்கு மெழுகுவத்தியை எடுத்து வைப்பார். அவர் கேட்டதோ 'ஃபோர்க் ஹேண்டில்ஸ்', மண் கிளறும் முள்கரண்டிக்குப் பிடி. நிஜக் கடைக்காரர்கள் எழுதி அனுப்பிய அனுபவத்திலிருந்து பிறந்தது அது. 14 வருடமாக எத்தனை பேர் உங்கள் முன்னால் வந்து என்னென்ன கேட்டிருப்பார்கள்! ஒன்றாவது அந்த இரண்டு நாடகத்தில் இருக்கிறதா?

வாரம் ஒன்று எழுதுங்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பெயரைப் போட்டு, உங்களைத் தெரியாதவர்களுக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் மச்சினனுக்கு போன் போட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். காலையில் பேசுவதாக இருந்தால் வெளியே போய் நின்று பேசுங்கள். மனைவி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து படுத்திருப்பாள்.