முன்குறித்தல்: பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா?

வாசகர் கேள்வி – பதில்

ரோமர் 8:29, 30 வசனங்களில் ஐந்து வினைகள் வரிசையாக வருகின்றன. தேவன் முன்னறிந்தார், முன்குறித்தார், அழைத்தார், நீதிமான்களாக்கினார், மகிமைப்படுத்தினார். ஐந்தையும் செய்கிறவர் அவரே. மனுஷன் செய்ததாக ஒரு வினைகூட இல்லை. முன்குறித்தல், அதாவது இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்பே குறித்துவைப்பது பற்றி இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

கேள்வி: யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்றால், நாங்கள் சனிக்கிழமைதோறும் கிராம ஊழியத்துக்குப் போவதும் முழு இரவு ஜெபம் வைப்பதும் எதற்கு? இந்த வாக்குவாதத்தில் எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். (வாசகர், பசுமலை)

பதில்: உங்கள் கேள்வியைப் பவுலிடம் கேட்டிருந்தால் அவர் தலைகீழாகப் பதில் சொல்லியிருப்பார். அப்போஸ்தலர் 18-இல் கொரிந்து பட்டணத்தில் எதிர்ப்பு கிளம்புகிறது. கர்த்தர் இரவில் தரிசனமாகி, பேசு, மவுனமாயிராதே என்கிறார். காரணம்: ‘இந்தப் பட்டணத்தில் எனக்கு அநேக ஜனங்கள் உண்டு.’ அந்த ஜனங்களில் பலர் இன்னும் சுவிசேஷத்தைக் கேட்கக்கூட இல்லை. இதைக் கேட்ட பவுல், ‘அப்படியானால் அவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள்’ என்று மூட்டை கட்டவில்லை. ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கேயே தங்கிப் போதித்தார். வலையில் மீன் விழும் என்று தெரிந்தவன்தான் விடிய விடியப் படகில் இருப்பான்.

இன்னொரு இடம் அப்போஸ்தலர் 27. பவுல் போன கப்பல் புயலில் சிக்குகிறது, அதில் 276 பேர். ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். பதினாலாம் இராத்திரி ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம் (பாகம் என்பது கடல் ஆழத்தின் அளவு), சற்று அப்புறம் 15 பாகம். பாறையில் மோதும் பயத்தில் பின்பக்கம் 4 நங்கூரம் போடுகிறார்கள். அப்போது கப்பலாட்கள், முன்பக்கமும் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் நூற்றுக்கு அதிபதியிடம், ‘இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பமாட்டீர்கள்’ என்கிறார். சேவகர் கயிற்றை அறுத்துப் படகை விழவிடுகிறார்கள். வாக்குத்தத்தமும் உண்டு, அரிவாளும் வேண்டியிருக்கிறது. கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்தும் கரை சேர்ந்தார்கள், 276 பேரும்.

இது சரீரம் தப்பின கதை, ஆத்தும இரட்சிப்பு அல்ல என்று யாராவது மறுத்தால் அவர் சொல்வது நியாயம். ஆனால் முடிவைக் குறித்தவர் வழியையும் சேர்த்தே குறிக்கிறார் என்பதை இந்த அதிகாரத்தைவிடத் துலக்கமாகக் காட்டுகிற பகுதி வேதத்தில் அரிது. வருவதை நிறுத்திய அந்த இரண்டு பேரையும் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். அதுவும் வழியில் சேர்ந்ததுதான்.

கேள்வி: எல்லாம் தலையெழுத்து என்று அக்கம்பக்கத்தில் சொல்வதற்கும் முன்குறித்தலுக்கும் என்ன வித்தியாசம்? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: நிறைய உண்டு. வினைப்பயன் என்றால் முன்பு செய்ததற்கு இப்போது கூலி. ரோமர் 9:11 நேர் எதிராகப் பேசுகிறது: பிள்ளைகள் பிறக்குமுன்னே, நல்வினை தீவினை செய்யுமுன்னே தெரிந்துகொள்ளுதல் (தேவன் தேர்ந்தெடுப்பது) நடந்துவிட்டது. சம்பாதித்தது அங்கே எதுவும் இல்லை.

இன்னொன்று, என்ன குறிக்கப்பட்டது என்பது. மூலக் கிரேக்கத்தில் சொல் ‘புரோஒரிசோ’. எல்லை வகுப்பது என்ற வினையோடு ‘முன்’ சேர்ந்தது. நிலத்தில் முன்கூட்டியே எல்லைக்கல் ஊன்றுவது போல. புதிய ஏற்பாட்டில் ஆறே இடங்களில் வருகிறது. ரோமர் 8-இல் வரும்போது குறிக்கப்பட்டது ‘தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பது’. கல்யாணத் தேதி, பரீட்சை மார்க், லாரி மோதுவது எதுவும் அந்த வசனத்தில் இல்லை.

குடித்துவிட்டு ஓட்டினவன் மோதியதற்கு, துக்க வீட்டில் ‘கர்த்தர் முன்குறித்தது’ என்று ஆறுதல் சொல்கிறார்களே, அது இரண்டு பாடங்களைக் குழப்புவது. அன்றாட நடப்பைத் தேவன் ஆளுவதற்குப் பராமரிப்பு என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வின் தமது பெரிய நூலில் அதை முதல் புத்தகத்திலும் முன்குறித்தலை மூன்றாம் புத்தகத்திலும் வைத்தார். பராமரிப்பைப் பேசும்போதும், ஓட்டினவனின் குற்றம் அவன் குற்றமே என்றுதான் சீர்திருத்த சபைகளின் விசுவாச அறிக்கைகள் சொல்கின்றன.

கேள்வி: வைணவத்தில் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று இரண்டு நியாயம் சொல்வார்கள். கிறிஸ்தவத்தில் நடக்கிற சண்டையும் அதுதானா? (வாசகர், மேலூர்)

பதில்: நல்ல இடத்திலிருந்து கேட்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், யானைமலைப் பக்கம் கொடிக்குளத்தில்தான் பிள்ளை லோகாசாரியாரின் திருவரசு (அடக்கத்தலம்) இருக்கிறது. தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி நியாயத்துக்கு அவரே முக்கிய ஆசாரியர். தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு வேலையில்லை. வடகலையார் சொல்வது குரங்குக்குட்டி: தாய் தாவுகிறது, குட்டி வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்புமை பாதி தூரம்தான் வரும். கால்வின் வழியாரைப் பூனைக்குட்டியில் சேர்க்கலாம். அதற்காக எதிர்த்தரப்பான ஆர்மீனியஸ் வழியாரைக் குரங்குக்குட்டியில் போட்டால் தவறு. (அர்மீனியா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 1609-இல் இறந்த ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளர் பெயர் அது.) பிடிக்கிற கைக்குப் பலமே கிருபையால்தான் வருகிறது என்று அவரும் சொன்னார், மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியும் சொன்னார். இரண்டு தரப்பிலும் இருப்பது பூனைக்குட்டிதான். கவ்வின பிறகு குட்டி துள்ளிக் குதித்து ஓட முடியுமா என்பதே வழக்கு. முடியாது என்கிறது கால்வின் தரப்பு. முடியும் என்கிறது ஆர்மீனியஸ் தரப்பு. கிருபையின் உள் உதவி இல்லாமலே மனுஷன் நல்லதைத் தேர்ந்து நடக்க முடியும் என்ற பெலேஜியஸின் போதனையை 418-லேயே கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் தள்ளிவிட்டது. நம் ஊர்க் கூட்டங்களில் ஒருவரையொருவர் அந்தக் குற்றம் சாட்டுவது பெரும்பாலும் பொருந்தாது.

கேள்வி: நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. மகளைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டில் ‘நீங்கள் கால்வின் ஆட்கள்’ என்கிறார்கள். உண்மையா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: வேர் அங்கே உண்டு. மதுரையில் 1834-இல் தொடங்கிய அமெரிக்க மிஷன் காங்கிரிகேஷனல் மரபு. அது கால்வின் கொடிவழி. ஆனால் 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்தபோது வெஸ்லியின் பிள்ளைகளும் அதே வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். இணைந்த சபை அடிப்படையாக ஏற்ற அப்போஸ்தலர், நிசேயா விசுவாசப்பிரமாணங்கள் இரண்டிலும் முன்குறித்தல் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே உங்கள் சபையில் இரண்டு கருத்துக்கும் இடம் உண்டு. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை வெஸ்லி பக்கம்.

சம்பந்தி வீட்டின் நிலை இது: மனுஷனின் சித்தம் தேவ அருளால் அசைக்கப்பட்டு ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் முடியும் என்று 1547-இல் திரெந்து சங்கம் தீர்மானித்தது. நரகத்துக்கென்று யாரும் முன்குறிக்கப்படவில்லை என்பதும் அவர்கள் போதனை. ஆனால் அருளும் சித்தமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதில் அவர்களுக்குள்ளேயே தொமினிக்கருக்கும் இயேசு சபையாருக்கும் பெரிய வழக்கு நடந்தது. இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தபோது ரோமில் அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. மறுவருஷம் பாப்பரசர் ஐந்தாம் பவுல், யாருக்கும் வெற்றி கொடுக்காமல், ஒருவரையொருவர் பதிதர் (விசுவாசம் தவறியவர்) என்று சொல்லக்கூடாது என்று நிறுத்திவைத்தார். அந்தத் தீர்ப்பு சம்பந்திகளுக்கும் உதவும். நீங்கள் ‘இரட்சிப்பு, கிருபை’ என்பதை அவர்கள் ‘மீட்பு, அருள்’ என்பார்கள். சண்டையில் பாதி அகராதிச் சண்டை.

கேள்வி: பார்வோன் மனதைத் தேவனே கடினப்படுத்திவிட்டு அவனைத் தண்டித்தது நியாயமா? (வாசகி, சோழவந்தான்)

பதில்: யாத்திராகமத்தை வரிசையாகப் பாருங்கள். இஸ்ரவேலரைப் போகவிடாத எகிப்து ராஜாவான பார்வோன் மேல் வந்த வாதைகளில் முதல் ஐந்தில் அவன் இருதயம் ‘கடினப்பட்டது’, அல்லது அவனே ‘கடினப்படுத்தினான்’ (8:15, 8:32). ஒவ்வொரு வாதையின் முடிவையும் பார்த்துக்கொண்டு வந்தால், கர்த்தர் கடினப்படுத்தினார் என்பது ஆறாவதான கொப்புளத்தில்தான் முதன்முதலில் வருகிறது (9:12). ஏழாவதான கல்மழையில் மறுபடியும் அவனே (9:34). எபிரெயுவில் ‘பாரமாக்கு’, ‘இறுக்கு’ என்று வேறு வேறு வினைகள். தமிழில் எல்லாம் ‘கடினப்படுத்து’ ஆகிவிட்டது. அதே நேரம், வாதைகள் தொடங்குமுன்பே 4:21-இல் தேவன் இதைச் சொல்லிவிட்டார் என்று கால்வின் தரப்பு காட்டும். அதை விழுங்கிவிட்டுப் பேசுகிற பிரசங்கம் நேர்மையானது அல்ல.

கேள்வி: கால்வினுடைய ஐந்து கோட்பாடுகள் என்கிறார்களே? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: அவர் எழுதியதில்லை. 1564-இல் இறந்துபோனார். 1610-இல் ஆர்மீனியஸ் ஆட்கள் ஐந்து கட்டுரைகள் கொடுத்தார்கள். அதற்கு மறுப்பாக 1618–19-இல் நெதர்லாந்தின் டோர்ட் சங்கம் தீர்த்தது அந்த ஐந்து.

கேள்வி: நான் தெரிந்துகொள்ளப்பட்டவளா என்று எப்படித் தெரியும்? சில நாள் தூக்கமே வருவதில்லை. (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அம்மா, அந்தப் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள். நம் தெரிந்துகொள்ளுதலை நமக்குள்ளே தேடினால் நிச்சயம் கிடைக்காது, கிறிஸ்துவே அதைப் பார்க்கிற கண்ணாடி என்று கால்வினே எச்சரித்தார். ரோமர் 8 எழுதப்பட்டது ஏற்கெனவே விசுவாசித்து உபத்திரவப்படுகிறவர்களுக்கு, திரும்பிப் பார்த்துத் தைரியம் கொள்ள. முன்னே பார்த்து யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கெடுக்கப் போனால் அது கத்தியாகிவிடும், பெரும்பாலும் நம் கையையே அறுக்கும். ‘என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை’ (யோவான் 6:37) என்பதில் நிபந்தனை வருவது மட்டும்தான். ஜெபக்கூட்டத்தில் கண்ணீர் வந்ததா என்பதை அளவுகோல் ஆக்காதீர்கள். 2 பேதுரு 1:5–7 விசுவாசத்தோடு கூட்டச் சொல்லும் ஏழில் பொறுமை, இச்சையடக்கம், அன்பு எல்லாம் உண்டு, அழுகை இல்லை. தூக்கமின்மை தொடர்ந்தால் டாக்டரையும் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல.

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் இதை நாலு வாரப் பாடமாக வைக்கலாமா? (வாசகர், அரசரடி)

பதில்: வைக்கலாம், பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் யோவான் 6:35–45 மட்டும். இரண்டாம் வாரம் ரோமர் 9, 10, 11 மூன்றையும் ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். 90 வசனம், 20 நிமிஷத்துக்குள் முடியும். வகுப்பு உடைகிற இடம் இங்கேதான். குயவனும் களிமண்ணும் வரும் 9:21-இல் நிறுத்தி விவாதம் தொடங்கிவிடுவார்கள். ‘தொழுதுகொள்ளுகிற எவனும் இரட்சிக்கப்படுவான்’ என்ற 10:13-ஐயும், பவுல் வாதத்தை விட்டுத் துதிக்குப் போகும் 11:33-ஐயும் எட்டும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்று வையுங்கள். மூன்றாம் வாரம் மேலே சொன்ன சபை வரலாறு, ஒரு பக்கத்தில். நாலாம் வாரம் பிலிப்பியர் 2:12, 13: ‘உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்று சொன்ன வாயே, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. இரண்டையும் இணைப்பது ‘ஏனெனில்’, ‘ஆனாலும்’ அல்ல. அந்த ஒரு சொல்லுக்கே அரைமணி நேரம் கொடுக்கலாம்.

ஒரு வசனத்தை எடுத்துப் பேசுகிறவர் அதற்கு முன் ஐந்தும் பின் ஐந்தும் வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும். இறந்துபோன உறவினர் யாருடைய முடிவையும் உதாரணமாக எடுக்கக்கூடாது. இந்த இரண்டையும் முதல் நாளே, முதல் ஜெபத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் யாரையோ குறிவைத்துச் சொன்னதாக ஆகிவிடும்.