மேக்பை ஏன் என் மகனை மட்டும் கொத்துகிறது?

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகருக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரு கருப்பு வெள்ளைப் பறவை, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் என் மகனைப் பின்னாலிருந்து பாய்ந்துவந்து தலையில் கொத்துகிறது. கூடப் போகும் பிள்ளைகளை ஒன்றும் செய்வதில்லை. கோபத்தில் ஒருநாள் அவன் குச்சியை வீசியிருக்கிறான். அதற்குப் பிறகு இன்னும் மோசம். கூட்டைக் கலைத்துவிடலாமா? இங்கே பயப்பட வேண்டிய பறவை வேறு ஏதாவது உண்டா? அப்புறம், நடுராத்திரியில் விடாமல் கத்துகிறதே ஒன்று, அது என்ன?

பதில்: கூட்டில் கை வைக்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் உள்நாட்டுப் பறவைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, முட்டைக்கும் குஞ்சுக்கும் சேர்த்து. அப்படியே கலைத்தாலும் ஜோடி வேறு கிளையில் மறுபடி கட்டலாம், உங்கள் தொல்லை முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது ஆஸ்திரேலிய மேக்பைதான். காக்கை அளவு இருக்கும். நீலம் கலந்த வெளிர்சாம்பல் அலகு, நுனி மட்டும் கருப்பு, கண் செம்பழுப்பு. பிடரி பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் ஆண், சாம்பல் படிந்தாற்போல் இருந்தால் பெண். புல்தரையில் தத்தாமல் நடக்கும். திடீரென்று நின்று தலையைச் சாய்த்து, மண்ணுக்குள் புழு நகரும் சத்தத்தைக் கேட்டு, அலகை இறக்கி இழுக்கும். வருடத்தின் மற்ற மாதங்களில் இவ்வளவு சாதுவான அயல்வாசி கிடைப்பது கஷ்டம்.

பாய்வது பெரும்பாலும் ஆண். அதிலும் எல்லா ஆண்களும் அல்ல, பத்தில் ஒன்று இருந்தால் அதிகம். பெண் சுமார் இருபது நாள் அடைகாக்கும், குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்க இன்னும் நான்கு வாரம். அந்த நாட்களில், முக்கியமாகக் குஞ்சு பொரித்த பிறகு, கூட்டைச் சுற்றி நூறு நூற்றைம்பது மீட்டருக்கு அப்பா காவல். ஒரு கூட்டின் கணக்கில் தொல்லை ஆறேழு வாரத்தில் அடங்கிவிடும்.

உங்கள் மகனை மட்டும் குறிவைப்பதற்குக் காரணம், அதற்கு அவனை அடையாளம் தெரியும். மேக்பைக்கு மனித முகம் நன்றாக நினைவிருக்கும். பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் டேரில் ஜோன்ஸ் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். பாயும் பறவைகள் ஆள் பார்த்துப் பாய்கின்றன என்பது அவர் கண்டது: சிலவற்றுக்கு நடந்து போகிறவர்கள் ஆகாது, சிலவற்றுக்குச் சைக்கிள், சிலவற்றுக்குத் தபால்காரர். உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருப்பது சைக்கிள் பேர்வழி போலிருக்கிறது. குச்சி வீசியது அதன் சந்தேகத்தை உறுதிப்படுத்திவிட்டது. ஊரில் வடாம் காயப்போட்டுவிட்டு காக்கையை விரட்டுகிற மாதிரி கையை வீசுவது இங்கே எடுபடாது. மேக்பை ஒரே எல்லைக்குள் வருடக்கணக்கில் குடியிருக்கும். இன்றைக்கு எதிரியானால் அடுத்த வசந்தத்திலும் எதிரிதான்.

சரி, என்ன செய்யலாம்? முடிந்தால் ஆறேழு வாரத்துக்கு வேறு தெரு. சுற்றுவழிதான், ஆனால் இதைவிட நல்ல மருந்து கிடையாது. வேறு வழி இல்லையென்றால் கூட்டு மரம் வருவதற்கு முன்பே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் கட்டாயம். பறவை பெரும்பாலும் முதுகுப்பக்கமாக வரும் என்பதால், அது எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஓடக்கூடாது, கத்தக்கூடாது. நடந்து போகிறவர்களுக்கு விரித்த குடை அருமையான கவசம்.

ஹெல்மெட்டில் முள்ளம்பன்றி மாதிரி, வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டைகளைக் குத்திக்கொண்டு பலர் போவதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பறவை கொஞ்சம் தள்ளிப் பாயும், பாயாமல் இருக்காது. பயம் அலகைப் பற்றி மட்டும் இருந்தால் போதாது. 2019 செப்டம்பரில் சிட்னிக்குத் தெற்கே வொலங்கொங் பக்கம் 76 வயதுக்காரர் ஒருவர் மேக்பைக்கு ஒதுங்கப்போய், சைக்கிள் வேலியில் மோதி இறந்துபோனார். இறங்கி நட என்று இத்தனை அழுத்திச் சொல்வது அதனால்தான்.

வழிப்போக்கர்கள் பலரை ஒரே பறவை ரத்தம் வரக் கொத்துகிறதென்றால் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொல்லுங்கள், எச்சரிக்கைப் பலகையாவது வைப்பார்கள். நட்பாக்கிக்கொள்ள ரொட்டியும் கொத்துக்கறியும் போடுகிறவர்கள் உண்டு. அது பறவையின் உடம்புக்கு ஆகாது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் போதும்.

மற்றப் பறவைகளில் கவனிக்க வேண்டியது மஞ்சள் முகமூடி போட்ட ஆள்காட்டி. நம்மூர் வயல்களில் கத்தும் ஆள்காட்டிக்கு நெருங்கிய உறவு, அதே நெட்டைக்கால், அதே கூச்சல். விளையாட்டு மைதானத்தின் நடுவில், வெறும் தரையில் முட்டை போட்டுவிட்டு வருகிறவர்களை எல்லாம் விரட்டும். இறக்கையின் வளைவில் மஞ்சள் முள் ஒன்று இருக்கும். அதில் விஷம் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள், கிடையாது. மைதானத்தில் அந்த மூலையை விட்டு விளையாடினால் போதும்.

மைனாவைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்திருக்கும். பழுப்பு உடம்பு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு என்றால் அது நம் மைனாவேதான். 1862 வாக்கில் பூச்சி தின்னட்டும் என்று மெல்போர்னில் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது விட்டவர்களின் பேரப்பிள்ளைகளே திட்டுகிறார்கள். உடம்பு சாம்பல், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு என்றால் அது நாய்சி மைனர். உள்நாட்டுப் பறவை, பூத்தேன் குடிக்கும் தேன்குடிக் குடும்பம், சட்டப் பாதுகாப்பு உண்டு. கும்பலாகச் சேர்ந்து தன்னைவிடப் பெரிய பறவையையும் தெருவை விட்டே துரத்தும். ஏன் இத்தனை சண்டைக்குணம் என்றால், யூகலிப்டஸ் காட்டில் தேனும் இனிப்புப் பிசினும் கொட்டிக் கிடக்கின்றன. ஒரு மரத்தைக் கைப்பற்றிக் காத்தால் நல்ல லாபம், அதனால் சண்டை போடத் தெரிந்தவை பிழைத்தன. இன்று உலகம் முழுக்கப் பாடுகிற பறவைகளின் மூதாதையர் தோன்றியதும் இந்தக் கண்டத்தில்தான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. நம் வாசல் காக்கையும் சிட்டுக்குருவியும்கூட அந்த வம்சம்தான்.

வெள்ளை உடம்பும் மஞ்சள் கொண்டையுமாக காக்கட்டூ என்ற பெரிய கிளி வந்தால் பால்கனியில் தீனி மட்டும் வைத்துவிடாதீர்கள். தீனி தீர்ந்ததும் மரக் கைப்பிடியைக் கடித்துத் துப்பும். சிட்னியில் குப்பைத்தொட்டி மூடியை அலகால் தூக்கித் திறக்கும் வித்தையை இவை ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டன. 2018க்கு முன் மூன்று புறநகர்களில் மட்டும் இருந்த பழக்கம், 2019 முடிவதற்குள் 44 புறநகர்களுக்குப் பரவியிருந்தது. தொட்டி மூடிக்குப் பட்டை மாட்டிவிடுங்கள். செங்கல் வைத்தால் தள்ளிவிடும்.

நடுராத்திரியில் கத்துவது குயில். நம்மூர்க் குயிலின் நெருங்கிய சொந்தம். குளிர்காலத்தை நியூ கினி பக்கம் கழித்துவிட்டு செப்டம்பரில் வந்து இறங்கும். நம்மூரில் காக்கை கூட்டில் முட்டையிடும். இங்கே அந்தப் பாரம் ரெட் வாட்டில்பேர்ட் போன்ற தேன்குடிகளின் தலையில். கத்துவது ஆண், துணை தேடிக் கத்துகிறது, துணை கிடைத்ததும் கொஞ்சம் குறையும். விரட்ட வழி இல்லை, சட்டமும் விடாது. மார்ச் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். அதுவரை படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஃபேன் சத்தத்தில் தூங்கப் பழகுங்கள்.